இரண்டாவது நிரல் மொழி எது, எப்போது? நெல்லைப் பக்கத்து மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கணினி அறிவியல் படிக்கும் நம் பக்கத்து மாணவர்கள் மூன்றாம் ஆண்டை நெருங்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். வளாக நேர்காணலுக்கு ஓராண்டுகூட முழுதாக இல்லாத நிலையில், ஓரளவு தெரிந்த ஒரு நிரல் மொழியையே ஆழமாகப் படித்துக் கரைகாண்பதா, அல்லது இன்னொரு மொழியையும் சேர்த்துக்கொள்வதா என்பதுதான் அது. எத்தனை மொழி தெரிகிறதோ அத்தனை நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். ஒன்றை ஒழுங்காகப் படித்தால் மற்றவை தானாக வந்துவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கேட்பவர் இப்போது எங்கே நிற்கிறார் என்பதை விசாரிக்காமலேயே இரண்டு விடைகளும் கொடுக்கப்படுகின்றன என்பதுதான் என் குறை.

நிற்கும் இடத்தை முதலில் பார்ப்போம். மேனிலை வகுப்பில் கணினி அறிவியல் எடுத்தவர் பதினோராம் வகுப்பில் சி++ மொழியையும், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்க உதவும் எஸ்கியூஎல் மொழியைக் கொஞ்சமும் படித்திருப்பார். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவருக்கு ஜாவாஸ்கிரிப்ட்டும் பிஎச்பியும் அறிமுகமாகியிருக்கும். பொறியியல் கல்லூரிக்குப் போனால், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி கணினி அறிவியல் பிரிவினருக்கு முதல் பருவத்தில் பைத்தான், இரண்டாம் பருவத்தில் சி, மூன்றாம் பருவத்தில் ஜாவா என்று வரிசையாக வருகின்றன. ஆக, இரண்டாம் ஆண்டின் பாதியிலேயே நான்கைந்து மொழிகளைத் தொட்டுவிட்ட ஒருவர், ஒன்றா பலவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் உண்மையில் இருக்கும் முடிவு வேறு: தொட்டுவிட்ட இந்த மொழிகளில் எதில் தங்குவது, அதன் பிறகு எதற்குத் திரும்பிப் போவது என்பதுதான் அது.

தேர்வு செய்ய நான்கு வழிகள் உள்ளன. ஒரே மொழியில் ஆழ்ந்து நிற்பது ஒன்று. முதல் மொழிக்கு நெருங்கிய உறவான இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது, உதாரணமாக ஜாவாவோடு சி ஷார்ப்போ கோட்லினோ, இரண்டாவது. முதல் மொழியிலிருந்து மிகவும் விலகி நிற்கும் ஒன்றைச் சேர்ப்பது, அதாவது பைத்தானோடு சி, அல்லது ஜாவாவோடு எஸ்கியூஎல், மூன்றாவது. ஐந்தாறு மொழிகளைச் சிறிது சிறிதாகப் படிப்பது நான்காவது. கடைசி வழியை இங்கேயே முடித்துவிடலாம். தன்விவரக் குறிப்பில் ஒன்பது மொழிகளின் பெயர்களை வரிசையாக எழுதியிருப்பவரிடம், நேர்காணல் செய்பவர் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு கேள்விகள் கேட்டாலே போதும். அந்த இரண்டில் தடுமாறினால் மற்ற எட்டையும் யாரும் நம்பப் போவதில்லை.

மற்ற மூன்றையும் வெறும் கொள்கையாகப் பேசாமல், ஒரே வேலையை வெவ்வேறு மொழிகளில் செய்துபார்த்து ஒப்பிடுவது நல்லது. நம் ஊர் நாளிதழ்களில் நாள்தோறும் அணை நீர்மட்டம் வெளியாகிறது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று முழுக் கொள்ளளவு மட்டங்கள் நமக்கு மனப்பாடம். கார் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா, பிசான நெல் தப்புமா என்பதெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கிறது. பத்து ஆண்டு நீர்மட்டக் குறிப்புகள் ஒரு கோப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் தேதி, அணையின் பெயர், அன்றைய மட்டம் ஆகிய மூன்றும் இருக்கின்றன. ஒவ்வோர் அணையிலும் ஒரே நாளில் நீர்மட்டம் மிக அதிகமாக உயர்ந்தது எப்போது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை வந்ததும் 2023 டிசம்பர் 17, 18 பெருமழை நாட்களின் வரிகளைக் கோப்பில் திறந்து, விடையோடு ஒத்துப்போகின்றனவா என்று கையால் சரிபார்க்க நம்மால் முடியும் என்பது இந்த உதாரணத்தின் கூடுதல் வசதி.

இதைச் சி மொழியில் எழுத உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் அணையைப் பற்றிய சிந்தனையே வராது. வரியைப் படிக்க எத்தனை எழுத்து இடம் ஒதுக்குவது, மொத்தம் எத்தனை வரிகள் வரும் என்று முன்கூட்டியே தெரியாதபோது நினைவகத்தை எப்படி வாங்குவது, வாங்கியதை எங்கே விடுவிப்பது, ‘மணிமுத்தாறு’ என்ற பெயரையும் இன்னொரு வரியில் உள்ள அதே பெயரையும் எப்படி ஒப்பிடுவது என்பவையே முன்னால் வந்து நிற்கும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் மற்ற மொழிகள் நமக்காக மறைவில் செய்துகொண்டிருப்பது எது என்பதை இந்தச் சலிப்புத்தான் காட்டிக்கொடுக்கிறது.

ஜாவாவில் அதே வேலை வேறு முகத்தோடு வருகிறது. ஒரு பதிவில் என்னென்ன இருக்கும் என்று சொல்ல ஒரு கிளாஸ் எழுதுவோம். அணைவாரியாகப் பிரிக்க, பெயரைச் சொன்னால் தகவலை எடுத்துத் தரும் ஹேஷ்மேப் இருக்கிறது. நினைவகத்தை விடுவிக்கும் கவலை இல்லை. கோப்பு இல்லாமல் போனால் என்ன செய்வாய் என்று நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலரே முன்கூட்டிக் கேட்டு, விடை சொல்லாமல் நகர விடாது. பைத்தானில் ஒரு டிக்‌ஷனரியும் ஒரு லூப்பும் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) போதும், பதினைந்து வரிகளில் விடை வந்துவிடும். ஆனால் குறிப்பு எடுக்காத ஒரு நாளில் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடு போட்டிருந்தால், அந்த வரியை எட்டும்வரை நிரல் ஒன்றும் சொல்லாது, எட்டியதும் நின்றுவிடும். எஸ்கியூஎல்லில் லூப் என்ற எண்ணமே தேவைப்படுவதில்லை. அணைவாரியாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு வரிக்கும் முந்தைய நாளின் மட்டத்தை அருகில் கொண்டுவரச் சொல்லும் ‘லேக்’ என்ற சாளரச் செயற்கூறு ஒன்று போதும். கழித்து, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இந்த வசதி 2018இல் வெளியான 8.0 பதிப்பில்தான் வந்தது என்பதால், பழைய பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தவர்களுக்கு இது தெரியாமலே போகிறது.

இந்த நான்கையும் எழுதி முடித்தவருக்கு ஓர் உண்மை விளங்கும். சியிலிருந்து ஜாவாவுக்கும், ஜாவாவிலிருந்து எஸ்கியூஎல்லுக்கும் போகும்போது சிந்திக்கும் முறையே மாறுகிறது. இதே நிரலை ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்கு மாற்றினால் அப்படி ஒன்றும் நேராது. பெயர்கள் மாறும், சில வசதிகள் கூடும், அவ்வளவுதான். கற்றலுக்காக இரண்டாவது மொழியைத் தேடுபவருக்கு நெருங்கிய உறவு மொழி கொடுப்பது மிகக் குறைவு என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் பிழைப்புக்காகத் தேடுபவருக்குக் கணக்கு வேறு. ஆண்ட்ராய்டில் கோட்லினை 2017இல் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட கூகுள், 2019இல் அதற்கே முதலிடம் என்று அறிவித்தது. அதுவரை ஜாவாவில் செயலி எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குக் கோட்லின் ஓர் அறிவுத் தேடலாக வரவில்லை. வேலை தொடர்வதற்கான நிபந்தனையாக வந்தது. ஆப்பிள் 2014இல் ஸ்விஃப்டை வெளியிட்டபோது ஆப்ஜெக்டிவ் சி எழுதியவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. இப்படிப்பட்ட மாற்றத்தில் நெருங்கிய மொழிக்குப் போவது எளிது, விரைவு, செலவு குறைவு. ஏற்கனவே வேலையில் இருப்பவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. மாணவர் அதையே செய்வதில்தான் நேரம் வீணாகிறது.

ஒரே மொழியில் ஆழ்ந்து நிற்கும் முதல் வழிக்கும் வலுவான நியாயம் உண்டு. ஒரு மொழி தெரியும் என்று சொல்வதற்கு, பாடத்தில் வரும் பயிற்சிகளை முடித்திருப்பது போதாது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய ஆயிரம் வரி நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளவும், பிழை எங்கே என்று டீபக்கர் என்ற பிழைதேடும் கருவியை வைத்துத் தேடவும், தான் எழுதியதற்குச் சோதனை எழுதவும், நூலகங்களில் எது ஏற்கனவே இருக்கிறது என்று அறிந்து புதிதாக எழுதாமல் விடவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் திறன்களில் பாதிக்கு மேல் மொழியைச் சார்ந்தவை அல்ல. ஆனால் ஏதாவது ஒரு மொழியில் ஆழமாகப் போகாமல் இவை வருவதில்லை. பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலக் கையேடுகளோடு மல்லுக்கட்டும் மாணவருக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். ஒவ்வொரு புதிய மொழியும் அவருக்கு இரட்டைச் சுமை. மொழியையும் கற்க வேண்டும், அதன் கையேட்டின் ஆங்கிலத்தையும் பழக வேண்டும். பைத்தானில் உருவாக்கப்பட்ட ‘எழில்’ என்னும் தமிழ் நிரல் மொழி, கட்டளைகளையே தமிழில் எழுத விட்டு முதல் அச்சத்தைப் போக்க உதவும். வேலைக்கான மொழியாக அதைக் கொள்ள முடியாது என்றாலும், தம்பி தங்கைகளுக்கு நிரல் என்றால் என்னவென்று காட்ட நினைப்பவர் அதை எடுத்துப் பார்க்கலாம்.

முதல் வழியின் குறை, ஒரே மொழியில் நிற்பவருக்கு அந்த மொழியின் வழக்கமே கணினியின் இயற்கை போலத் தோன்றிவிடுவது. நம் கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் கோலோச்சிய நீலத்திரை டர்போ சியில் எட்டின் காரணியப் பெருக்கத்தை (1 முதல் 8 வரையான எண்களின் பெருக்கலை) கேட்டவர்களுக்கு 40320 வருவதற்குப் பதிலாக -25216 என்று வந்தது. அதில் முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான் உண்டு, 32767க்கு மேல் போனால் எண் சுற்றிக்கொண்டு எதிர்க்குறிக்குள் விழுந்துவிடும். இன்றைய கம்பைலர்களில் 32 பிட் என்பதால் இதே சிக்கல் பதின்மூன்றின் காரணியப் பெருக்கத்தில் வரும். பைத்தானை மட்டும் அறிந்தவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரியாது. அதில் முழு எண்கள் நினைவகம் உள்ளவரை வளர்ந்துகொண்டே போகும். ஜாவாஸ்கிரிப்ட்டில் சாதாரண எண்கள் 9007199254740992 வரைதான் ஒன்றுகூட விடாமல் துல்லியமாக இருக்கும். எண் என்பதே மொழிக்கு மொழி வேறு ஒப்பந்தம் என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட மொழியில் எழுதிப் பார்த்தவருக்கே உறைக்கிறது.

தமிழில் செயலி எழுத நினைப்பவருக்கு இதைவிட நல்ல சோதனை ‘நெல்லை’ என்ற பெயரிலேயே இருக்கிறது. நம் கணக்கில் இது மூன்று எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் சேமித்துச் சி மொழியில் நீளம் கேட்டால் 18 என்று வரும், ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைத்தானிலும் ஜாவாவிலும் 6 வரும். நகரத்துக்கும், அதன் ஒற்றைக்கொம்புக்கும், லகரத்துக்கும், புள்ளிக்கும், அடுத்த லகரத்துக்கும், ஐகாரக் குறிக்கும் யூனிகோட் தனித்தனி இடம் கொடுத்திருக்கிறது. ஸ்விஃப்டில் கேட்டால் 3 வரும், அந்த மொழி கண்ணுக்குத் தெரியும் எழுத்துத் தொகுதியை ஒரு எழுத்தாகக் கொள்கிறது. பைத்தானில் இந்தப் பெயரைத் தலைகீழாகத் திருப்பினால் ஐகாரக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் முன்னால் வந்து நிற்கும். தமிழ்ச் சொல் விளையாட்டோ பெயர்ப் பட்டியலோ எழுதுகிறவர், ஒரு மொழி கொடுத்த எண்ணை அப்படியே நம்பினால் பிழை நிச்சயம். மூன்று மொழியில் மூன்று விடை பார்த்தவர் நின்று யோசிப்பார்.

ஒன்றைப் படித்தால் மற்றவை தானாக வரும் என்ற கூற்றுக்கு இப்போது வரலாம். லூப், நிபந்தனை, செயற்கூறு ஆகியவற்றின் வடிவம் விரைவாக வந்துவிடும் என்பது உண்மை. ஆபத்து, வந்துவிட்டது போலத் தோன்றும் இடங்களில் இருக்கிறது. அணை மட்டம் இரண்டு நாளில் ஏழு அங்குலம் குறைந்ததாக வைத்து, -7ஐ 2ஆல் முழு எண்ணாக வகுத்தால் சியும் ஜாவாவும் -3 என்கின்றன, பைத்தானின் இரட்டைச் சாய்கோடு -4 என்கிறது. சி மொழியில் பல தகவல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஸ்ட்ரக்சரை இன்னொன்றுக்கு ஒதுக்கினால் நகல் கிடைக்கும். பைத்தானில் ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்கு ஒதுக்கினால் இரண்டு பெயரும் ஒரே பட்டியலைத்தான் குறிக்கும், ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் திருத்தம் தெரியும். இவை எந்தப் பிழைச் செய்தியும் தராமல் தவறான விடையைத் தருபவை. முதல் மொழியை அரைகுறையாக அறிந்தவர் இரண்டாவதற்குத் தாவும்போது, எந்த வழக்கம் எந்த மொழிக்குரியது என்ற தெளிவில்லாமல் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார். ஆகவே இரண்டாவது மொழி எது என்பதைவிட அது எப்போது என்பதற்கே அதிகக் கவனம் தேவை என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் மொழியில் உருப்படியாக ஒன்றை, பிறர் பயன்படுத்தும் அளவுக்கு, கட்டி முடித்த பிறகுதான் அந்த வேளை வரும்.

காலம் போகப் போக விலகிய மொழிகளின் கருத்துகள் நம்முடைய மொழிக்குள்ளேயே வந்து சேர்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய லிஸ்ப் மொழியில் பெயரில்லாச் செயற்கூறுகள் இருந்தன; பயன்படாத நினைவகத்தைத் தானாகத் திரட்டும் முறையும் அங்கேதான் பிறந்தது. முன்னது ஜாவாவுக்கு 2014இல் எட்டாம் பதிப்போடு லாம்டா என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அன்று ஜாவாவை மட்டும் அறிந்திருந்தவர்கள் அதைப் புதிய இலக்கணமாகப் படித்தார்கள். வேறு மொழியில் அந்தப் பழக்கம் இருந்தவர்களுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட மொழியில் நிரலை எழுதிக் கொடுக்கின்றன என்பதால் மொழி கற்பதே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கருவி எழுதிய சி நிரலில் நினைவகம் விடுவிக்கப்படாமல் இருப்பதைக் கண்டுபிடிக்கச் சி தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

இனி ஆளுக்கு ஏற்ற முடிவு. சென்னை, பெங்களூரு நிறுவனங்களின் பொது நேர்காணலை எதிர்நோக்குபவர் ஜாவாவிலோ பைத்தானிலோ நின்று, இரண்டாவதாக எஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்ளட்டும். ஐபிஎம்மில் 1970களில் உருவான எஸ்கியூஎல் இத்தனை ஆண்டுகளாகியும் களத்தைவிட்டுப் போகவில்லை. எந்த முதல் மொழியோடும் சேரும், இடையூறு செய்யாது, சில வாரங்களிலேயே பலன் தரும். அதை ஒரு மொழியாகவே எண்ணாத நம் மாணவர்களின் அலட்சியம் எனக்கு வியப்பளிக்கிறது. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் கணினி அறிவியல் தாளை எழுத நினைப்பவருக்குத் தேர்வே இல்லை: அதன் நிரலாக்கப் பகுதி சி மொழியில்தான் இருக்கிறது. முதல் பருவத்தில் படித்த பைத்தானை விட்டுவிடாமல், சியில் நினைவக முகவரிகளைக் குறிக்கும் பாயிண்டர்களை அஞ்சாமல் கையாளும் அளவுக்குப் போக வேண்டும்.

உள்ளூரிலேயே இருக்க விரும்புபவர்களின் எண்ணிக்கை இப்போது கூடியிருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்த பிறகு, ஊரைவிட்டுப் போனால்தான் மென்பொருள் வேலை என்ற எண்ணம் தளர்ந்தது. உள்ளூர்க் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளும் இணையதளங்களும் செய்து தரும் சிறு நிறுவனங்களில் சேர்பவர், ஆள் குறைவு என்பதால் முன்பக்கம், பின்பக்கம், தரவுத்தளம் எல்லாவற்றையும் தாமே பார்க்க நேரும். அவருக்கு ஜாவாஸ்கிரிப்ட்டோடு பிஎச்பி அல்லது பைத்தான், கூடவே எஸ்கியூஎல் என்று மூன்றும் முதல் ஆண்டிலேயே தேவைப்படும். நான் மேலே சொன்ன ‘முதலில் ஒன்றில் நில்’ என்ற அறிவுரை அவருக்குப் பாதிதான் பொருந்தும். வேலையே மூன்றையும் கற்றுக்கொடுத்துவிடும், ஆழம் போவதைத்தான் அவர் தனியே திட்டமிட வேண்டும். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றாலைகளின் கட்டுப்பாட்டுக் கருவிகள், உணர்விகள் போன்றவற்றில் ஆர்வமுள்ள மின்னணுவியல் மாணவர் சியில் தொடங்கி, திரட்டிய அளவீடுகளைப் பகுத்துப் பார்க்கப் பைத்தானை இரண்டாவதாக எடுப்பது மிகப் பொருத்தம். ஒன்று கருவிக்கு அருகில் நிற்கிறது, மற்றது எண்களுக்கு அருகில் நிற்கிறது. விலகிய இரண்டு மொழிகள் ஒரே வேலையின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ளும் நிலை இதைப்போல் எளிதாக அமைவதில்லை.

ஹாஸ்கெல், ரஸ்ட் போன்ற மொழிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ரஸ்ட்டின் முதல் நிலையான பதிப்பு 2015இல் வந்தது. 2022இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளும் அதற்கு இடம் கிடைத்தது. நினைவகத்தின் உரிமை யாருக்கு என்பதைக் கம்பைலரே கேட்டு வாங்கும் அதன் முறை, சி எழுதிப் பட்டவர்களுக்குத்தான் முழுமையாகச் சுவைக்கும். நேர்காணலுக்கு மூன்று மாதமே உள்ள இறுதியாண்டு மாணவர் இவற்றைத் தள்ளிவைக்கலாம். முதல் மொழியில் பாதியில் நிற்கும் தம் செயல்திட்டத்தை முடித்து, அதன் தரவுகளை எஸ்கியூஎல்லில் கேட்கப் பழகினால் அந்த மூன்று மாதத்துக்கு வேலை சரியாக இருக்கும். ரஸ்ட்டை, வேலையில் சேர்ந்த பின் சி நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு கைக்கு வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.